புதுக் குழல் மாட்டிய காற்றுக் கைத்துப்பாக்கி: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

குழலை மாற்றியது ஒரு மணி நேர வேலை. மாற்றிய பிறகு குண்டு ஏன் ஒரே இடத்தில் விழவில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரத்தில் இரண்டரை வாரம், குழல்தான் மோசம் என்று நினைத்துக்கொண்டே வீணாக்கினேன். குழலில் குற்றம் இல்லை. அது உட்கார்ந்திருந்த விதத்தில்தான் குற்றம். அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் கைத்துப்பாக்கி என்ன காட்டுகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டாதீர்கள்.

அண்ணன் மகள் பள்ளிப் போட்டிகளுக்காக 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி பழகுகிறாள். பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டில், முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் வாசல்கள். கதவுகளைத் திறந்துவைத்தால் 10 மீட்டர் தாராளமாகக் கிடைக்கிறது. வேறு ஊரில் இதற்காக மாடியில் தகரக் கொட்டகை போடுகிறார்கள். செட்டிநாட்டு வீடு அந்தக் கவலையை வைக்கவில்லை. இலக்கு அட்டையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அட்டைக்குப் பின்னால் பழைய துணி இறுக்கித் திணித்த மரப்பெட்டி, அதற்கும் பின்னால் இரும்புத் தகடு. சுடும் நேரத்தில் பக்கவாட்டுக் கதவுகள் எல்லாம் தாழ் போட்டிருக்கும். ஆத்தங்குடிக் கல்லிலோ தேக்குத் தூணிலோ ஈயக் குண்டு பட்டால் தெறித்துத் திரும்பி வரும். கண்ணாடி போடாமல் யாரும் அந்தப் பக்கம் நிற்கக் கூடாது.

எந்தத் துப்பாக்கியில் கை வைக்கலாம்

இங்கே சொல்வதெல்லாம் 4.5 மி.மீ. காற்றுக் கைத்துப்பாக்கிக்கு மட்டும். குழல்வாயில் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத, 4.5 மி.மீ.க்கு மிகாத காற்று ஆயுதத்துக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. போட்டிக் கைத்துப்பாக்கி ஏறக்குறைய 6 ஜூல்தான் தரும். வெடிமருந்தில் இயங்கும் கைத்துப்பாக்கியின் கதையே வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, அதைப் பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். வீட்டில் தாத்தா காலத்து ரிவால்வர் உரிமத்தோடு இருந்தாலும், அதன் குழலைக் கழற்றும் வேலை உரிமம் பெற்ற பழுது பார்ப்பவருடையது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய குழல் எதுவும் கண்ணில் பட்டாலும் 'மாட்டிப் பார்க்கலாமே' என்ற எண்ணம் வேண்டாம்.

கழற்றுவதற்கு முன், சுடுவதற்கு முன்

காற்று அடைத்த சிலிண்டரைக் கழற்றுங்கள். உள்ளே தங்கியிருக்கும் காற்றை, குண்டு இல்லாமல் பெட்டியை நோக்கி விசையை இழுத்து வெளியேற்றுங்கள். போல்ட்டை (குழலின் பின்வாயை மூடும் தண்டை) திறந்து, குழலுக்குள் குண்டு இல்லை என்பதைக் கண்ணால் பாருங்கள். விரலால் தடவியும் பாருங்கள். சிலிண்டரின் மேல் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியையும் இப்போதே பார்த்துவிடுங்கள். 10 ஆண்டு கடந்த சிலிண்டரைப் போட்டியில் விடமாட்டார்கள். 200 பார் அழுத்தம் தாங்கும் பொருள் அது. வீட்டிலும் அதை விட்டுவைக்கக் கூடாது.

பழைய குழலை உருவும் முன் குழலிலும் அதைப் பிடித்திருக்கும் பிளாக்கிலும் சேர்ந்தாற்போல ஒரு மெல்லிய பென்சில் கோடு. குழல் எவ்வளவு ஆழம் உள்ளே போயிருக்கிறது என்று வெர்னியரில் ஓர் அளவு. இந்த இரண்டும் இல்லாமல் கழற்றிவிட்டு, பிறகு இருட்டில் துழாவியவன் நான்.

சோதிக்கும்போது கையில் பிடித்துச் சுடாதீர்கள். மணல் நிரப்பிய பையை மேசையில் வைத்து, பிடியையும் முன்பக்கத்தையும் அதில் பதித்து, ஐந்து ஐந்து குண்டாக ஐந்து அட்டை சுடுங்கள். கைத்துப்பாக்கி இலக்கு அட்டையில் 10ஆம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. நல்ல குழலும் அதற்குப் பிடித்த குண்டும் இருந்தால் ஐந்தும் அந்த வளையத்துக்குள் ஒரே ஓட்டையாக விழ வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். அட்டையின் மூலையில் தேதி, குண்டின் பெயர், என்ன மாற்றினோம் என்று எழுதுங்கள். நான் ஆரம்பத்தில் ஒரே மாலையில் ஓ-ரிங்கையும் (பின்வாயில் காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) மாற்றி, திருகையும் இறுக்கி, குண்டையும் மாற்றினேன். குழு, அதாவது அட்டையில் குண்டுகள் விழுந்த கூட்டம், கொஞ்சம் சரியானது; எதனால் சரியானது என்று தெரியவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

புதுக் குழல் பாதி போய் நின்றுவிடுகிறது

சுத்தியலைத் தொடாதீர்கள். மரச் சுத்தியலும் வேண்டாம். பழைய குழலைக் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகு) பிடித்திருந்த இடத்தில், பிளாக்கின் உட்சுவரில் ஒரு பிசிறு எழும்பியிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு உயரம் போதும், குழலை நிறுத்திவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றினால் பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே பிசிறு. மெல்லிய எண்ணெய்க் கல்லால் அந்தப் புள்ளியை மட்டும் தேயுங்கள். பிறகு பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, மறுபடி முயலுங்கள்.

அப்படியும் போகாவிட்டால் பழைய குழலையும் புதியதையும் மூன்று இடங்களில் அளந்து ஒப்பிடுங்கள். புதியது நிஜமாகவே தடிமனாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். உப்புத்தாளைக் குழலில் சுற்றித் தேய்க்கும் ஆசை வரும். நான் ஒரு பழைய குழலில் அதைச் செய்து பார்த்தேன். ஒரு பக்கம் அதிகம் தேய்ந்து, உள்ளே போனதும் ஆடத் தொடங்கிவிட்டது. கையால் தேய்த்தால் வட்டம் வட்டமாக நிற்காது. லேத் பட்டறை அண்ணனிடம் காட்டினேன். "தம்பி, எடுத்ததை யாராலும் ஒட்ட முடியாது" என்றார்.

உள்ளே போய்விட்டது, ஆனால் ஆடுகிறது

முதலில் திருகுகளின் நுனியைப் பாருங்கள். சில மாடல்களில் குழலில் சிறு குழி இருக்கும். திருகின் நுனி அதற்குள் இறங்க வேண்டும். குழல் இரண்டு டிகிரி திரும்பியிருந்தாலும் நுனி குழியின் ஓரத்தில் ஏறி உட்காரும். இறுகியது போலத் தெரியும், பத்துக் குண்டில் தளர்ந்துவிடும். நான் சொன்ன பென்சில் கோடு இங்கேதான் உதவுகிறது.

திருகு சரியாக இறங்கியும் ஆடினால், துளைக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி அதிகம். தகரத் துண்டு சொருகிச் சமாளிக்காதீர்கள். குழல் ஒரு பக்கமாகச் சாயும். தயாரிப்பாளரிடமே சரியான அளவைக் கேட்டு வாங்குவதுதான் வழி.

பின்வாயில் 'புஸ்' என்று காற்று கசிகிறது

காதை நம்பாதீர்கள், சுடும் சத்தத்தில் கசிவுச் சத்தம் கரைந்துவிடும். மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் விரல் அகலத் துண்டு ஒன்றைக் கிழித்து, போல்ட்டும் குழலும் சேரும் இடத்தின் மேல் தளர்வாக வைத்துச் சுடுங்கள். துண்டு துள்ளினால் கசிவு உண்டு. எந்தப் பக்கம் துள்ளுகிறது என்பதையும் கவனியுங்கள். எங்களுடையது எப்போதும் இடப்பக்கமே துள்ளியது.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஓ-ரிங்கில் கீறல் விழுந்திருக்கும்: புதுக் குழலின் பின்விளிம்பு கூராக இருந்தால் முதல் தடவை மூடும்போதே ரப்பரைச் சீவிவிடும். அல்லது குழல் பழைய ஆழத்துக்குப் போகாமல் அரை மில்லிமீட்டர் முன்னால் நின்றிருக்கும். ரிங் அழுந்தவே அழுந்தாது. இல்லையென்றால் ரிங்கே தவறான அளவு. காரைக்குடியில் பம்பு செட், ஹைட்ராலிக் சாமான் விற்கும் கடைகளில் ஓ-ரிங் கிடைக்கும். பழையதை அப்படியே நீட்டிக் கேட்காதீர்கள். அது நசுங்கி அளவு மாறியிருக்கும். உள்விட்டம், ரப்பரின் தடிமன் இரண்டையும் கையேட்டில் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். நைட்ரைல் ரப்பர், கடினம் 70 என்று கேளுங்கள்.

எங்கள் விஷயத்தில் ரிங் நல்லது, ஆழமும் சரி. ஆனால் குழலின் பின்முகம் பிளாக்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. இடப்பக்கத் திருகை முதலில் முழுக்க இறுக்கிவிட்டு வலப்பக்கத்துக்குப் போனதன் விளைவு. இரண்டையும் தளர்த்தி, குழலைப் பின்னோக்கி விரலால் அழுத்தியபடி, மாறி மாறிக் கால் கால் சுற்றாக இறுக்கினேன். காகிதம் அசையவில்லை.

ரிங்கில் பூச சிலிகான் கிரீஸ் மட்டும், அதுவும் ரப்பர் பளபளக்கும் அளவு போதும். தேங்காய் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய், வண்டி கிரீஸ் எதுவும் உயர் அழுத்தக் காற்று போகும் பாதையில் வரக் கூடாது. அழுத்தம் திடீரென்று ஏறும்போது எண்ணெய் ஆவி தீப்பிடிக்கும், டீசல் எஞ்சின் உள்ளே நடப்பதைப் போல. ரப்பர் கருகும், அதைவிட மோசமாகவும் நடக்கலாம். வீட்டில் யாராவது உதவி செய்வதாக நினைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிடாமல் இருக்க, எங்கள் பெட்டி மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

குழு இறுக்கமாக இருக்கிறது, ஆனால் கீழே இறங்கிவிட்டது

இது வேகம் குறைந்ததன் அடையாளம். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். குண்டு நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போனால் 10 மீட்டரைக் கடக்கும் நேரத்தில் ஏறக்குறைய 22 மி.மீ. இறங்கும். வேகம் 135ஆகக் குறைந்தால் 27 மி.மீ. அந்த 5 மி.மீ. வித்தியாசமே அரை வளையத்துக்கு மேல், ஏனென்றால் ஒரு வளையத்தின் அகலம் 8 மி.மீ. தான்.

பின்வாய்க் கசிவு இல்லையென்றால் காற்று வரும் துளையைப் பாருங்கள். பல மாடல்களில் வால்விலிருந்து வரும் காற்று, குழலின் பக்கவாட்டுத் துளை வழியாகக் குண்டின் பின்னால் நுழைகிறது. குழல் சற்றே திரும்பி உட்கார்ந்தால் இரண்டு துளைகளும் நேராக வராது. சிலிண்டரைக் கழற்றி, பின்வாயில் சிறு டார்ச்சை அடித்து, பக்கவாட்டுத் துளையைப் பாருங்கள். முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை போலத் தெரிந்தால், திருகைத் தளர்த்தி, முழுநிலா ஆகும் வரை குழலைத் திருப்புங்கள். துளையைத் துரப்பணத்தால் பெரிதாக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். அதன் விளிம்பில் ஒரு பிசிறு நின்றாலும் ஒவ்வொரு குண்டையும் கீறி அனுப்பும்.

ரைஃபிள் கிளப்பில் குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) இருந்தால் பத்துக் குண்டின் வேகத்தை எழுதி வாருங்கள். சராசரியை மட்டும் பார்க்காமல், அதிகத்துக்கும் குறைவுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரே சீராகக் குறைவென்றால் துளை, ஏறியும் இறங்கியும் இருந்தால் கசிவு அல்லது ரெகுலேட்டர் (சிலிண்டரிலிருந்து வரும் காற்றின் அழுத்தத்தைச் சீராக்கும் பாகம்). ரெகுலேட்டரை வீட்டில் பிரிக்க வேண்டாம்.

குழு இறுக்கம், ஆனால் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது

கொஞ்சம் நகர்வது இயல்பு. புதுக் குழல் பழையதைப் போல அச்சு அசலாக நிற்காது. பின் குறியை (குறிபார்க்கும் பின் தகட்டை), குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்துங்கள். வலப்பக்கம் விழுந்தால் பின் குறி இடப்பக்கம்.

பின் குறியைக் கடைசி வரை திருப்பியும் எட்டவில்லையென்றால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். முன் குறி காம்பென்சேட்டரின் (குழலின் முன்முனையில் மாட்டும், துப்பாக்கி துள்ளாமல் காற்றைத் திருப்பிவிடும் துண்டு) மேல் நிற்கும் மாடல்களில், காம்பென்சேட்டர் சற்றே திரும்பியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க, கொத்தனார்கள் சுவர் எழுப்பும்போது வைத்திருக்கும் தூக்குக்குண்டே போதும். கைத்துப்பாக்கியை வைஸில் துணி வைத்து மெதுவாகப் பிடியுங்கள். மேல்தளத்தில் சிறு ரசமட்டத்தை வைத்துச் சமப்படுத்துங்கள். இரண்டு மீட்டர் தள்ளித் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, முன் குறியின் ஓரத்தை நூலோடு ஒப்பிடுங்கள். சாய்வு உடனே தெரியும்.

குழு சிதறுகிறது

இதுதான் என் மூன்று வாரம். அண்ணன் மகள் அட்டையைக் கொண்டுவந்து, "சித்தப்பா, நான் சரியாத்தான் பிடிச்சேன்" என்றாள். மணல் பையில் வைத்து நானும் சுட்டேன். ஐந்து குண்டில் மூன்று ஒன்றாக, இரண்டு எட்டாம் வளையத்தில். அவள் சொன்னது உண்மை.

முதலில் குண்டு. போட்டிக் குண்டுகள் தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று வருகின்றன. பழைய குழலுக்கு 4.50 பிடித்தது என்பதால் புதியதற்கும் அதுவே பிடிக்கும் என்று இல்லை. மூன்று அளவிலும் சிறு டப்பா வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து அட்டை சுடுங்கள். செலவு அதிகமில்லை, குழலைத் திருப்பி அனுப்பும் அஞ்சல் செலவைவிடக் குறைவு.

அடுத்தது காம்பென்சேட்டர். அதைக் கழற்றி, குண்டு வெளியேறும் துளையின் உள்விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சாம்பல் நிற ஈயக் கோடு இருந்தால் குண்டு உரசிக்கொண்டு போகிறது. அதைக் கழற்றிவிட்டே ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள் (குறி இருக்காது, மணல் பையில் அசையாமல் வைத்தால் குழு மட்டும் தெரியும்). சிதறல் நின்றால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

பிறகு குழல்வாய். பஞ்சுக்குச்சியை உள்ளிருந்து வெளியே மெதுவாக இழுத்தால், விளிம்பில் எங்காவது பஞ்சிழை சிக்கக் கூடாது. குண்டு கடைசியாகத் தொடும் இடம் அதுதான். அங்கே ஒரு பக்கம் பிசிறோ பள்ளமோ இருந்தால், பின்னாலிருந்து வரும் காற்று அந்தப் பக்கம் முந்திக்கொண்டு வெளியேறி, குண்டின் வாலைத் தள்ளிவிடும். எங்கள் பழைய குழல் பாழானதே இப்படித்தான்: முன்பு வைத்திருந்தவர் இரும்புக் கம்பியை முன்வாய் வழியாக விட்டுச் சுத்தம் செய்திருந்தார். கெட்ட வாயைச் சரிசெய்ய, குழலின் அச்சுக்கு நேராகப் பிடிக்கக்கூடிய லேத் வேண்டும். கை டிரில்லில் செய்வதைவிட அப்படியே விட்டுவிடுவது மேல்.

இவை எல்லாவற்றையும் பார்த்தேன்; எல்லாம் சரி. கடைசியாகத்தான் திருகுக்கு வந்தேன், முதலில் வந்திருக்க வேண்டிய இடத்துக்கு.

சிலிண்டர் கழற்றிய நிலையில் பின்வாயில் ஒரு குண்டை விரலால் அழுத்தி உட்காரவைத்து, நைலான் கம்பியால் மெதுவாகத் தள்ளுங்கள். ஆரம்பத்தில் வரிப்பள்ளத்தில் (குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் திருகுக் கோடுகள்) ஏறும்போது ஒரு தடை இருக்கும். அதன் பிறகு முன்வாய் வரை ஒரே சீராக வழுக்க வேண்டும். எங்கள் குழலில் திருகு இருக்கும் இடத்துக்கு வந்ததும் குண்டு நின்றது. கொஞ்சம் அழுத்தியதும் விடுபட்டு, பிறகு தளர்வாகவே போனது. திருகைக் கால் சுற்றுத் தளர்த்தி, புதுக் குண்டை விட்டுத் தள்ளினேன். அந்த இடத்தில் தடையே இல்லை.

அதாவது என் இறுக்கல் குழலின் சுவரையே உள்ளே நசுக்கியிருந்தது. அங்கே குண்டு சிறுத்து, அதற்கப்பால் வரிப்பள்ளத்தைப் பிடிக்காமல், ஆடிக்கொண்டே வெளியேறியது. கண்ணுக்கு எதுவும் தெரியாது. கைக்கு மட்டும் தெரியும். அதிர்ஷ்டவசமாக எஃகு மீண்டும் தன் அளவுக்கு வந்துவிட்டது. மெல்லிய குழலில் வராமலும் போகலாம். அப்படி நிரந்தரமாக நசுங்கியிருந்தால்தான், முதல்முறையாக, குழலை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

இப்போது நான் இறுக்கும் முறை இது: ஆலன் கீயின் நீண்ட பக்கத்தைத் திருகுக்குள் விட்டு, குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் மட்டும் திருப்புகிறேன். விரல் நிற்கும் இடத்தில் நானும் நிறுத்திவிடுகிறேன். தயாரிப்பாளர் கையேட்டில் இறுக்க அளவு கொடுத்திருந்து, டார்க் ரெஞ்சும் கிடைத்தால் அதுவே முதல் வழி.

முதல் சில குண்டு மட்டும் விலகுகிறது

பயப்பட வேண்டாம். புதுக் குழல் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் உள்ளே இருக்கும். ஃபெல்ட் துண்டைப் பின்வாயிலிருந்து முன்வாய்க்குத் தள்ளி, துண்டு வெள்ளையாக வரும் வரை துடைத்து, இருபது குண்டு சுட்டால் அடங்கிவிடும். பித்தளைப் பிரஷ் வேண்டாம். ஒவ்வொரு நாளும் முதல் குண்டுகள் விலகினால், நீங்கள் சுத்தம் செய்யும்போது எண்ணெய் அதிகம் விடுகிறீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் கவனம் கூடுதலாக வேண்டும். துருவை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கும் ஊர் காரைக்குடி. அரிமானச் சோதனைக்காக அவர்கள் மண்டபம் கடற்கரையில் இரும்பை வைத்துப் பார்க்கிறார்கள். நம் ஊர்க் காற்று அவ்வளவு கடுமை இல்லை. ஆனால் உள்ளங்கை வியர்வையிலும் உப்பு உண்டு. சுட்டு முடித்ததும் குழலின் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் இன்னொரு தடவை. உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. பஞ்சு மெத்தை வைத்த பெட்டியில் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

கடைசியாக ஒன்று, குழலைப் பற்றியது அல்ல. சோதனை நாளில் நூறு, இருநூறு குண்டு போகும். கையிலும் தரையிலும் ஈயத் தூள் ஒட்டும். விளக்குமாறால் பெருக்கினால் அது காற்றில் எழும்பும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனியாக வைக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு. எங்கள் வீட்டில் அப்பத்தா இதில் கறார். பின்கட்டிலிருந்து நானோ பிள்ளையோ அடுக்களைப் பக்கம் வந்தால், முதலில் கிணற்றடியைக் காட்டுவார்.